காட்டேரிப் படத்துக்கு நான் போட்ட பதில்கள்

ஒரு ரத்தக் காட்டேரிப் படத்துக்கு, அதுவும் ‘அந்த மாதிரி’ ரத்தக் காட்டேரிப் படத்துக்கு, யூடியூபில் நான் நாற்பது பதில் போட்டிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ‘நன்றி தம்பி’. படத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் பார்த்ததே இல்லை. பின்னே எதற்கு நன்றி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொன்னால் மானம் போய்விடும் என்கிற பயமில்லை. அது போய் நாலு வருஷம் ஆகிறது.

முதலில் நான் யாரென்று தெரிய வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். (ஐந்தாம் வகுப்பிலும் உட்கார்ந்ததைவிட பெஞ்சு மேல் நின்றதுதான் அதிகம்.) சித்தாளாகப் போய், கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பிறகு கான்ட்ராக்டர் ஆனேன். பாண்டிச்சேரிப் பக்கம் எங்கள் வில்லியனூர் கொம்யூனில் எந்த வீடு சவரிமுத்து கட்டியது என்று சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் பிளானை விரித்து வைத்து யோசிக்கும்போது நான் காலாலேயே மண்ணில் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திருபுவனையில் நான் எழுப்பிய காம்பவுண்டு சுவரில் ஒரு லாரி மோதியது. அடி லாரிக்குத்தான். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான்.)

என்னை ஆளாக்கியது என் அக்கா ஆரோக்கியமேரி. அம்மா செத்தபோது எனக்கு நாலு வயசு, அக்காவுக்குப் பதினைந்து. அது கல்யாணமே கட்டவில்லை. மடுகரையில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, கல்லும் மண்ணும் சுமந்து எனக்குச் சோறு போட்டது. தனியாக வாழ்ந்த பெண்பிள்ளை. ஆனாலும் ஊரில் ஒருத்தர் வாயிலும் அதன் பேர் தப்பாக விழுந்ததில்லை. அக்கா சேர்த்து வைத்த சொத்து அது ஒன்றுதான்.

வசதி வந்ததும் வில்லியனூருக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். வாசலில் இங்கிலீஷில் ‘அக்கா இல்லம்’ என்று பித்தளைப் பலகை. எனக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் அது மட்டும்தான். கீழே ஒரு அறை அக்காவுக்கு. சக்கர நாற்காலி நுழைய அகலக் கதவு, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி, கிழக்கே பெரிய சன்னல், ஒரு கட்டில், சுவர் நீளத்துக்கு ஒரு பீரோ. (அக்காவிடம் இருந்தது ஆறு புடவை.) அந்தச் சமயம் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. “இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அது கண்ணை மூடுவது நான் போட்ட கூரைக்குக் கீழேதான் நடக்க வேண்டும் என்பது என் வைராக்கியம். ஆனால் தவக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஈஸ்டர் முடிந்துதான் வீடு மந்திரிப்பு, அதற்கப்புறம்தான் குடிபோக வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். நாற்பது நாள் வீடு சும்மா கிடந்தது.

அப்போதுதான் டைரக்டர் வந்தான். ஒல்லியான ஆள், தாடி, கழுத்தில் கறுப்புத் துண்டு. என் மாடிப்படியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“ஐயா, இந்த மாதிரி படிக்கட்டு பாண்டிச்சேரியிலயே இல்ல.”

அதோடு நான் காலி. “இன்னா படம்பா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஃபேமிலி சப்ஜெக்ட் ஐயா. ஒரு பொண்ணு, ஒரு வூடு. கொஞ்சம் திகில்.”

வாடகையே வேண்டாம், டைட்டிலில் என் பேரைப் பெருசாகப் போட்டால் போதும் என்றேன்.

நாலு நாள் எடுத்தார்கள். ராத்திரி வேலைக்கு டபுள் சம்பளம் கொடுக்க வசதியில்லாததால், பட்டப்பகலில் சன்னலுக்கெல்லாம் கறுப்புத் தார்ப்பாய் கட்டி ராத்திரி ஆக்கினார்கள். நான் இளநீர் வாங்கிக்கொண்டு போனபோது காட்டேரி படிக்கட்டில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோரைப்பல் இரண்டும் டம்ளர் தண்ணீரில் கிடந்தன. நல்ல பெண். “வூடு நல்லா காத்தோட்டமா இருக்குங்கய்யா” என்றது. சவப்பெட்டிக்கும் வசதியில்லை. அதனால் அந்தக் காட்டேரி என் அக்காவின் பீரோவுக்குள் நின்றபடியே தூங்கியது. அவ்வப்போது டைரக்டர் வந்து, “ஐயா, இது கொஞ்சம் அமைதியான சீன், நீங்க வெளிய இருந்தீங்கன்னா ஆர்ட்டிஸ்டுக்கு வசதி” என்பான். நானும் மரியாதையாகப் போய் கேட்டில் நின்றுகொண்டு, பைக்கில் போகிறவனையெல்லாம் நிறுத்தி, “உள்ள ஷூட்டிங் நடக்குது” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அமைதியான சீன் எதற்கு ஒரு நாளைக்கு ஐந்து வருகிறது என்று யோசிக்கிற மூளை எனக்கு இல்லை. படிக்கட்டைப் புகழ்ந்தவனைச் சந்தேகப்படுவதா?

எடுத்து முடித்த மூன்றாவது வாரமே படம் யூடியூபில் வந்துவிட்டது. டி.வி.யில் போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். என் மனைவி பிலோமினா கையில் ஜெபமாலை, தவக்காலம் ஆயிற்றே. டைட்டிலில் என் பேர் வந்தது. எழுந்து நின்றேன். பத்தாவது நிமிடம் அக்காவின் பீரோ திறந்தது. காட்டேரி வெளியே வந்தது. டிரஸ்ஸுக்கும் வசதியில்லை போலிருக்கிறது. பிலோமினா எழுந்துபோய் டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். ரிமோட்டைத் தேட அவளுக்குப் பொறுமையில்லை.

“ஃபேமிலி சப்ஜெக்ட்டா?” என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாள்.

புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். எனக்கோ ஒரே ஒரு கவலை, வீட்டைப் பற்றி ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? மறுநாள் மருமகள் ஜாஸ்மினைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே இருந்த கமெண்டுகளைப் படிக்கச் சொன்னேன். அவள் கண்ணால் சலித்துச் சலித்து, வாய்விட்டுப் படிக்கக் கூடியதை மட்டும் படித்தாள்.

“‘இது ரத்தமா ரோஸ்மில்க்கா?’ன்னு ஒருத்தர் கேக்கறாரு மாமா. ‘பேசறப்ப பல்லு ஆடுது, பாவம் அந்தப் பொண்ணுக்கு ஃபெவிகால் வாங்கிக் குடுங்க.’ ‘ஒரு மணி நேரம் ஓட்டி ஓட்டிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல, ஏமாத்திட்டானுங்க.’”

“வூட்டப் பத்தி?”

“‘நடிச்சவங்கள்ல அந்தத் தூண்தான் பெஸ்ட்.’”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “பாத்தியா. அப்புறம்?”

“‘டைல்ஸ பாத்தா பாத்ரூம்ல எடுத்த மாதிரி கீது.’”

அங்கேதான் சனி பிடித்தது. அந்த டைல்ஸ் நானே நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தது. போனில் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் என்று ஜாஸ்மின் முன்பே காட்டிக் கொடுத்திருந்தாள். “தம்பி, அது பாத்ரூம் டைல்ஸ் இல்ல. நான் சவரிமுத்து. முப்பது வருஷ சர்வீஸ். வில்லியனூர் வந்து பாரு” என்று பேசி அனுப்பினேன். பக்கத்தில் என் போட்டோ. மாதா திருவிழாவில் வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலியோடு தேருக்கு முன்னால் நிற்கும் போட்டோ. பலான படத்துக்குக் கீழே அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ்மின் அடுத்த நாள் தங்கச்சி பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போனாள். தமிழில் இருந்த கமெண்டுகளை நானே எழுத்துக் கூட்டிப் படித்துப் பதில் போட்டேன். வீட்டில் கல்யாணச் சாவு விழுந்தால்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒருத்தன் கேட்டான்: “அந்த ரூம் செவுத்துல எதுக்குப்பா கைப்பிடி? பேய்க்கு மூட்டு வலியா?”

எனக்கு நெஞ்சு கொதித்தது. போனை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “தம்பி, அந்த ரூம் என் அக்காவுக்காகக் கட்டினது. பேரு ஆரோக்கியமேரி. என்னை வளக்கறதுக்காகக் கல்யாணமே பண்ணிக்காதது. அந்தக் கட்டில், அந்த பீரோ, எல்லாம் அக்காவோடது.”

அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஒரு பதிலுக்குக் கீழே கமெண்டுகள் குவிந்துவிட்டன. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். எனக்குப் படிக்க வராது. ஆனால் வாசல் பலகையில் இருக்கிற ‘அக்கா’ மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அக்கா. பக்கத்தில் சிவப்பு இதயம், நெருப்பு, சிரிக்கிற மூஞ்சி. முகம் தெரியாத பிள்ளைகள் என் அக்காவை இத்தனை பாசமாகக் கூப்பிடுகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தன் விடாமல் எல்லோருக்கும் ‘நன்றி தம்பி’ போட்டேன். கூடவே கும்பிடுகிற கை.

மூன்று நாள் கும்பிட்டேன்.

நாலாம் நாள் ஜாஸ்மின் வந்தாள். “பாரும்மா, ஜனங்க எவ்ளோ நல்லவங்க” என்று போனை நீட்டினேன். அவள் படித்தாள். விரல் மேலே போகப் போக முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

“சத்தமாப் படி” என்றேன்.

“வேணாம் மாமா.”

“படிம்மா.”

“‘அப்ப பீரோலருந்து வர்றது உங்க அக்காதானா சார்?’ இது மொதல்ல.” நிறுத்தினாள். “‘கல்யாணம் ஆவாத அக்கா, அதான்...’ மாமா, நான் படிக்க மாட்டேன்.”

போனைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். அதற்குக் கீழேயும் நான் நன்றி சொல்லியிருந்தேன்.

டைரக்டருக்குப் போன் போட்டு, படத்தை எடுத்துவிடு என்று கத்தினேன். அவன் பதறவேயில்லை. “ஐயா, படத்தப் பத்தி எவனும் பேசல. உங்க ரிப்ளைக்காகத்தான் பாக்கறானுங்க. ரெண்டாம் பாகத்துக்கு மாடிய குடுப்பீங்களா?” என்றான். நான் கட்டிய சுவரில் அவன் தலையை மோதவேண்டும் போல இருந்தது. ஜாஸ்மின் என் பதில்களையெல்லாம் அழித்தாள். ஆனால் படத்தைப் புதிதாகப் பார்க்க வந்தவனும் காட்டேரியை அக்கா என்றே கூப்பிட்டான். நான் வைத்த பேர் நிலைத்துவிட்டது.

அன்றே மடுகரைக்கு ஓடினேன், விஷயம் போய்ச் சேருவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், தம்பி உன்னைப் பற்றிப் பெருமையாகப் போட்டிருக்கிறான் என்று ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் கீழே வரைக்கும் படித்துக் காட்டிவிட்டாளாம்.

“யார்ரா சவரி அவனுங்க?” என்றது அக்கா, திரும்பாமலே.

“தெரியாதுக்கா.”

“தெரியாதவனுங்ககிட்ட எம்பேர ஏன்டா சொன்ன?”

“பெருமைக்குதான்க்கா.”

“யார் பெருமைக்கு?”

கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன். உலகத்துக்கே பதில் சொன்னவன்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே பேசியது. “தலையில பதினோரு கல்லு வச்சி சாரம் ஏறும்போது கூட மாராப்பு வெலகாம பாத்துக்கினேன்டா. ஒரு மேஸ்திரி எம்பேர ரெண்டு தரம் கூப்ட்டது கெடையாது. சாவப் போற நேரத்துல ஊரே கூப்புடுது.”

“மந்திரிப்பு முடிஞ்சா எல்லாம் சரியாப்பூடும்க்கா. உனக்குன்னு கட்டின ரூமு.”

“அதுல நான் படுக்க மாட்டேன்.”

பிலோமினா கெஞ்சினாள். ஃபாதர் வந்து சொன்னார். அக்கா அசையவில்லை. ஈஸ்டர் முடிந்தது, வீடு மந்திரித்தாயிற்று, அந்த அறை மட்டும் காலி. கடைசியில் ஒருநாள் காலையில் அதுவே ஆள் அனுப்பியது. “வூட்ட வெளியிலருந்து காட்டுடா. உள்ள கூப்புடாத.”

வேனில் கூட்டி வந்தேன். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, வேன் கதவைத் திறந்து வைத்தேன். அக்கா தலையணையில் சாய்ந்தபடி வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. கட்டட வேலை பார்த்தவர்கள் பார்க்கிற பார்வை அது. பால்கனியையும் தூணையும் விட்டுவிட்டது. பார்வை அதன் அறை சன்னலில் வந்து நின்றது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை வராதா என்று நின்றேன்.

“சன்ஷேடு பத்தல” என்றது. “கெழக்கால மழ அடிச்சா உள்ள வரும். ஒன்றரை அடி நீட்டியிருக்கணும்.”

“எப்டிக்கா வரும்? கணக்குப் போட்டுதான் வச்சேன்.”

“வரும்டா. கதவ சாத்து, போவலாம்.”

பதினெட்டாம் நாள் மடுகரை ஓட்டு வீட்டிலேயே அக்கா போய்ச் சேர்ந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் கிழக்கேயிருந்து மழை அடித்தது. சாரல் சன்னல் வழியாக வந்து கட்டிலுக்கடி வரைக்கும் குளம் கட்டியது. பிலோமினா அறை வாசலில் நின்று பார்த்தாள். பல மாதமாக அந்த விஷயத்தைப் பற்றி வாய் திறக்காதவள், சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

“இன்னாங்க, உங்க அக்கா கமெண்ட் போட்டுட்டாங்க. தொடைக்கத் துணி எடுத்துக்கினு வாங்க.”

ஜாஸ்மின்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். இப்போது மழை வந்தால் பேரப்பிள்ளைகள்வரை அதைத்தான் சொல்கிறார்கள். ஒன்றரை அடி சன்ஷேடு எனக்கு ஒருநாள் வேலை. ஆள் இருக்கிறது, கம்பி இருக்கிறது. நான் நீட்டவில்லை. பார்க்க வருகிற கஸ்டமர் யாராவது, “இன்னா மேஸ்திரி, உங்க வூட்லயே சாரல் அடிக்குது” என்று கேட்டால், துடைத்துக்கொண்டே, “நான்தான் தப்பாக் கட்டிட்டேன்” என்கிறேன். இத்தனை வருஷ சர்வீஸில் வேறு எந்தக் கட்டடத்துக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.