அறுபது எழுத்து மந்திரம்

முத்திரை மாஸ்டரின் வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது; ஆனாலும் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். உள்ளே சுவர் நிறைய அவருடைய பதினெட்டு கணினிச் சான்றிதழ்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள். சான்றிதழ்த் தேர்வுக்குப் போகிறவர்கள் அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் தடுக்கவில்லை. தூசி துடைக்கும் வேலை மிச்சம்!

பாடம் ரொம்ப எளிது. கேள்வியைப் பார்க்க வேண்டாம். சரியான விடையின் எழுத்தை வரிசையாக மனப்பாடம் செய்தால் போதும். "இ, அ, அ, ஈ, ஆ..." என்று அறுபது எழுத்து. அறையே ராகம் போட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பி. செத்த கணினியையும் எழுப்பிவிடும் கை அவனுக்கு. வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு; கோளாறான கணினியைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். அவனோ பத்து நாளாக ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. சாப்பிடும்போதும் "இ, அ, அ" தான். ஒரு கம்பெனியின் கணினி சர்வர் அறையில் வேலை பார்க்கும் அவன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வகுப்புக்கே வந்துவிட்டாள்.

"மாஸ்டர், ஒரு மாதிரித் தேர்வு வைக்கலாமா? அறுபது கேள்விதான்."

"தாராளமா வைங்கம்மா. நானே எழுதிக் காட்டுறேன். என் வேகத்தையும் பாத்துக்கட்டும்!"

எல்லாருக்கும் தாளைக் கொடுத்தாள். நாலே நிமிடம். மாஸ்டர்தான் முதலில் முடித்தார், கையெழுத்தோடு.

அக்கா எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டு, மாஸ்டரின் தாளை உரக்கப் படித்தாள். "முதல் கேள்வி. இந்த வகுப்பை நடத்துறவருக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும்? அ, எல்லாம் தெரியும். ஆ, பாதி தெரியும். இ, ஒண்ணுமே தெரியாது. ஈ, யோசிச்சுச் சொல்றேன். மாஸ்டர் 'இ' போட்டிருக்காரு. நீங்க எல்லாருமே 'இ' தான்."

மாஸ்டர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது... பாடத்திட்டத்துலயே இல்லம்மா."

"நானும் படிக்காமதான் போட்டேன்க்கா," என்றான் தம்பி. அவமானத்தில் முகம் சிறுத்துப்போனது.

"சான்றிதழ் தப்பில்லடா. நானும் ஒண்ணு வச்சிருக்கேன். வேலையைக் கத்துக்கிட்டுப் போய் எழுதினேன். எந்திரி, வீட்டுல பழைய மெஷின் காத்துக்கிட்டிருக்கு."

வியாழக்கிழமை தம்பிக்கு வேலை கிடைத்தது. மாஸ்டரின் கூட்டமும் பாதி கரைந்தது. மீதிப் பாதியில் ஒருவர் பின்வரிசையிலிருந்து பயபக்தியோடு கேட்டார்: "மாஸ்டர், அந்தம்மா குடுத்த தாளுக்கு விடை வரிசை எப்ப தருவீங்க?"

ஐயா, கண் இருப்பது கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்ளவா? முதலில் கேள்வியைப் படியும்!