கப்பல் அண்ணையின் குறட்டை

வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் ரயிலைவிட உரத்துச் சத்தம் போட்ட ஒரே மனிதர் எங்கள் கப்பல் அண்ணைதான். அதுவும் நித்திரையில். மூன்றாம் மாடியில் அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதில் நாங்கள் மாட்டிய படம் எதுவும் ஒரு கிழமைக்கு மேல் நேராக நின்றதில்லை.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாள். எதைத் தந்தாலும் சுங்கத்துக்கு அறிவிப்பதுபோலச் சொல்லித்தான் தருவார். "தங்கச்சி, பொருள் மீன் கட்லட். எண்ணிக்கை ஆறு. நிலை சூடு." அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவார். படியில் என்னோடு கதைத்துக்கொண்டே, கையில் வாழைப்பழச் சீப்போடு தூங்கியிருக்கிறார். ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பிரசங்கத்தின் நடுவே அவர் குறட்டை எழும்ப, சுவாமியார் பேச்சை நிறுத்திக் காத்திருந்தாராம். அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்த அண்ணை, பிரசங்கம் முடிந்துவிட்டதென்று நினைத்து, காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கத் தொடங்கிவிட்டார்.

சில நேரம் குறட்டை நடுவில் நின்றுவிடும். பத்து, பதினைந்து, இருபது என்று எண்ணுவோம். பிறகு ஒரு பெரிய உறுமலோடு திரும்பவும் தொடங்கும். "கப்பல் நங்கூரம் போட்டிட்டுது" என்று சொல்லிச் சிரிப்போம். நின்றது அவருடைய மூச்சு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான். உடம்பெல்லாம் வயர் ஒட்டி, ஒரு இரவு தூங்க வைத்துப் பார்த்துவிட்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் தேத்தண்ணி நேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, உங்கட மகனும் என்னைப் போலத்தான். சுவருக்கால கேட்டனான்."

"அண்ணை, அவனுக்குப் பத்தொன்பது வயசு."

"கப்பலுக்கு வயசு பார்க்கிறேல்ல. ஓட்டை இருக்கோ எண்டுதான் பார்க்கிறது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஞாயிறு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "பொருள் குறட்டை. உரிமையாளர் நான். மத்தியானம், மாட்டிறைச்சிக் கறிக்குப் பிறகு ஏற்றியது. மகன்ட சரக்கோட ஒப்பிட்டுப் பார்க்கவும்." அதன் பிறகு ஏழு நிமிடம் குறட்டை. மகனின் அறைக் கதவில் காதை வைத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி நின்று நின்று தொடங்கின.

மகனுக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்றார் டொக்டர். மூச்சு நிற்காமலிருக்க இரவில் போடும், காற்றடிக்கும் முகமூடியை அவனால் தாங்க முடியவில்லை. சென்னையில் ரோபோவைக் கொண்டு வாய்வழியாகவே அந்தச் சதையை வெட்டி எடுக்கிறார்கள் என்றார். துணைக்கு வந்திருந்த அண்ணை விசாரணையைத் தொடங்கினார்.

"டொக்டர், ரோபோ தன்ட பாட்டில வெட்டுமோ?"

"இல்லை ஐயா. சத்திரசிகிச்சை செய்யிற டொக்டர் பக்கத்தில இருந்து இயக்குவார். ரோபோவின்ட கை சின்னன், நடுங்காது."

"அப்ப அவர் நித்திரை கொண்டா?"

டொக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அண்ணை தூங்கிவிட்டிருந்தார்.

நான் நாளைக் கடத்தினேன். பிள்ளையின் தொண்டைக்குள் இரும்புக் கை போவதை நினைத்ததும், டொக்டருக்கு எடுத்த போனைத் திரும்ப வைத்துவிடுவேன். அண்ணை அதைக் கவனித்திருக்கிறார். தனக்குத் தந்த முகமூடியை, "கப்பலுக்கு மூக்கணாங்கயிறோ?" என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"முதல்ல நான் போய்ப் படுக்கிறன். மாதிரிச் சரக்கு. பழுதில்லாம வந்தா மகனை ஏத்துங்கோ."

"உங்கட இதயத்தை முதல்ல பார்க்கோணும் எண்டவையெல்லோ?"

"பார்க்கட்டும். இருக்கெண்டு தெரிஞ்சா போதும்."

பாஸ்போட்டைப் புதுப்பித்தார். புதிதாக ஒரு சூட்கேஸ் வாங்கி, அதில் 'கவனம், பழைய பொருள்' என்று எழுதி ஒட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் சுவருக்கு அப்பால் குறட்டை நின்றது. நான் வழமைபோல, "கப்பல் நங்கூரம் போட்டிட்டுது" என்றேன். எண்ணவில்லை. அந்த அமைதியில் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். தேத்தண்ணி நேரத்துக்கு அவர் வரவில்லை. கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் நாளைக் கடத்தவில்லை. சென்னையில் ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்தபோது, ரோபோவுக்காக அல்ல, அதை இயக்கும் மனிதர் விழித்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். மகன் இரண்டு கிழமை கஞ்சியும் ஐஸ்கிரீமுமாக இருந்து தேறினான். இப்போது சத்தமே இல்லாமல் தூங்குகிறான். அந்த அமைதிதான் எனக்குப் பயம். எழுந்து போய் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். சூடாகக் காற்று வருகிறது. ஆனாலும் திரும்பி வந்து படுத்தால் கண் மூடாது.

அப்போது போனை எடுத்து அந்தப் பதிவைப் போடுவேன். "பொருள் குறட்டை. உரிமையாளர் நான்." அது நிற்கும் இடத்தில் எண்ணுகிறேன். இருபத்திரண்டில் அண்ணை மூச்சை எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் எடுக்கிறார். பிறகுதான் எனக்கு நித்திரை வருகிறது.