பதினொரு வீட்டுக்கும் போன பிரதி

இல. 7, பள்ளத்து ஒழுங்கை,
கட்டுகஸ்தோட்டை.
2025.06.18

அன்பு மகள் நிருஷாவுக்குப் பெரியப்பா நவரட்ணராஜா எழுதுவது. கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் எனக்கும் பெரியம்மாவுக்கும் பிரஷர் உட்பட எல்லாம் அளவோடு இருக்கிறது. வெள்ளவத்தையில் நீயும் மருமகனும் அவ்வாறே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. "பென்சன் எடுத்த மனிசன் சும்மா இருந்து பேப்பருக்குப் பிழை திருத்துறார்" என்று பெரியம்மா உனக்குப் போனில் முறையிட்டதும், நீ என்னைப் பிலிமத்தலாவையில் நடக்கும் சைபர் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்துவிட்டதும் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாடத்தின் பெயர் எதிக்கல் ஹக்கிங் என்றதும் முதலில் திரும்பி வரப் பார்த்தேன். அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளைக் கட்டிக்காத்துப் பிரதம இலிகிதராக இருந்தவன் கடைசிக் காலத்தில் கள்ளனாவதா? ஆனால் படிப்பிக்கும் றொசான் சேர் முதல் நாளே, "ஐயா, எழுத்தில அனுமதி எடுத்துட்டுச் செஞ்சா சோதனை, எடுக்காம செஞ்சா குற்றம்" என்றார். எழுத்தில் அனுமதி! முப்பத்திரண்டு வருடம் நான் செய்த வேலையே அதுதானே. அந்த இடத்திலேயே வகுப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசிப் பயிற்சி, தெரிந்தவர்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. மூன்று பிரதியில் படிவம் அடித்து, றப்பர் முத்திரையும் செய்வித்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். ஒருவரும் வாசிக்கவில்லை, உன் பெரியம்மா அடுப்படியில் நின்றபடியே கையெழுத்தைக் கீறிவிட்டாள். பிறகு "உங்கள் பார்சல் தபால் கந்தோரில் தங்கியிருக்கிறது, பேஸ்புக் கடவுச்சொல்லைக் கொடுத்து விடுவித்துக்கொள்ளவும்" என்று ஒரு போலிச் செய்தி அனுப்பினால், ஒரு மணித்தியாலத்துக்குள் ஒன்பது பேர் கொடுத்துவிட்டார்கள். பெயர், கடவுச்சொல், அதன் வலிமை என்று அட்டவணை போட்டு, அறிக்கையை அழகாக முடித்து, கந்தோர்ப் பழக்கத்தில் அடியில் 'பிரதிகள்' என்று எழுதி, பதினொரு வீட்டுக்கும் ஒவ்வொன்று அனுப்பிவிட்டேன். கை தானாகச் செய்த வேலை, மகள். எதிர்வீட்டுப் பஸ்லினா ரீச்சர் தாளும் கையுமாகக் கேற்றடிக்கு வந்து, "என்ன சேர் இது, என்ட பாஸ்வேர்ட் இப்ப முழு லேனுக்கும் தெரிஞ்சீக்கி!" என்றபோதுதான் விஷயம் விளங்கிற்று. றொசான் சேர் கேள்விப்பட்டு, அவரவர் குறையை அவரவருக்கு மட்டும் சொல்ல வேண்டும், கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்று தலையில் கைவைத்தார்.

அதையும் தாங்கலாம். உன் பெரியம்மாவின் கடவுச்சொல் என்ன தெரியுமா? 'சொல்லுக்கேளாதமனிசன்' என்று ஆங்கில எழுத்தில், பின்னால் என் பிறந்த வருடம். நீளமும் இலக்கமும் இருந்ததால் 'வலிமை: மிக நன்று' என்று நானே குறித்து, ஒழுங்கையிலேயே முதலிடமும் கொடுத்திருக்கிறேன். நாலு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. கலியாணம் முடித்த முப்பத்தெட்டு வருடத்தில் சண்டை பிடிக்காத நாள் குறைவு, கதைக்காத நாள் இல்லை. தேத்தண்ணி வரும், சத்தம் வராது. இந்த வயதில் இப்படியே இருந்துவிடுவாளோ என்று உண்மையில் பயந்துபோனேன்.

ஐந்தாம் நாள் காலை பக்கத்து வீட்டு ஹார்ட்வெயார் கடை ஹுதைபா நானா மதிலுக்கு மேலால் எட்டி, "சேர், திரும்பத் தொடங்கிட்டீங்களா? பார்சல் மெசேஜ் வந்தீக்கி!" என்று கத்தினார். நான் அனுப்பவில்லை என்று பிள்ளையார்மேல் சத்தியம் செய்தும் ஒருவரும் நம்பவில்லை. அது அசல் கள்ளனுடையது! கீழ் வீதியில் நாலு பேரின் கணக்குப் போயிற்று. எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் வெட்கத்தில் கடவுச்சொல்லை ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். போதாததற்கு, இது என் தொல்லைதான் என்று எண்ணி ஒருவரும் தொடவே இல்லை. அன்று பின்னேரம் பெரியம்மா, "இந்த மனிசனாலையும் ஒரு பிரயோசனம் இருக்குது. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் உன்னால் வந்தது மகள், மிக்க நன்றி. இனி என்னை ஏமாற்ற ஒருவன் புதிதாகப் பிறந்து வரவேண்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், நீண்ட கடவுச்சொல்லோடு நீடு வாழ்க.

அன்புப் பெரியப்பா,
க. நவரட்ணராஜா

பி.கு.: இதை ஒட்டுமுன் ஒரு விஷயம். "உங்கள் சான்றிதழ் தயார், வரும் ஆறு இலக்கத்தை அனுப்பவும்" என்று ஒரு செய்தி வந்தது, அனுப்பிவிட்டேன். என் வட்ஸ்அப் இரண்டு நாள் கள்ளன் கையில் இருந்து, றொசான் சேர்தான் மீட்டுத் தந்தார். அவன் என் பெயரில் எல்லாருக்கும், "அன்பே, நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது, தயவுசெய்து உதவு" என்று அனுப்பியிருக்கிறான். ஹுதைபா நானாவுக்கும் அதே அன்பேதான். உனக்கு வந்திருந்தால் உடனே அழித்துவிடு. பெரியம்மா பார்த்த மாத்திரத்தில், "இது என்ர மனிசன் இல்லை" என்று ஒழுங்கை முழுக்க அறிவித்துவிட்டாள். ஆனால் அவள் மட்டும் அதை இன்னும் அழிக்கவில்லை. நேற்றும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே அப்படி ஒன்று எழுதி அனுப்பலாமென்றால், போனைத் திரும்பவும் கள்ளன் பிடித்துவிட்டான் என்று றொசான் சேருக்கு அறிவித்துவிடுவாள்.