ஏழாம் குழியின் மேடு

ஏழாம் குழியைச் சுற்றி நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

பார்த்ததுமே லோகநாதன் ஓட்டமாக ஓடி வந்தான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது அந்த கோல்ஃப் மைதானம். அதில் ஏழாம் குழிதான் பேர் போனது. இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் ஏரி, நடுவில் துடைத்து வைத்த மாதிரி பச்சைப் புல். எந்த ஊர் காலண்டரில் போட்டாலும் இந்தப் படத்தைத்தான் போடுவார்கள். அந்தப் புல்லுக்கு மேஸ்திரி லோகநாதன்.

"ஜெயம்மாக்கா! இன்னாக்கா இது? இன்னிக்குப் பெரிய ஆளு வர்றாருன்னு நேத்தே சொன்னேன் இல்ல?"

"வரட்டுமே. ரெண்டு கை அள்ளிக் குடுக்கறேன், எட்த்துக்கினு போவட்டும்."

"இது பந்து ஆடற எடம்க்கா!"

"இன்னிக்கு இது என் பாடு. கேக்க நீ யாரு?"

பாடு என்றால் பாடுதான். ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் வலை போடுவது என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதுதான் பாடு. உன் பாடு வந்த நாளில் அந்த இடத்துக்கு நீதான் ராஜா, சாமியே வந்தாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை ஊருக்குக் கிடைத்தபோது குழிகளையும் அப்படியே பாடு பிரித்துக்கொண்டார்கள். முதலில் கை தூக்கி ஆமோதித்தவனே லோகநாதன்தான்.

ஜெயம்மா விடிந்ததும் புல்லை வெட்டிப் பெருக்கிவிட்டாள். அப்புறம் மீனைப் பரப்பிவிட்டாள். மணல் ஒட்டாத கருவாட்டுக்குப் பொன்னேரி சந்தையில் தனி மரியாதை.

வரப்போகிறவர் ஜெரோம். ஊர் ஊராகப் போய் மைதானங்களின் அமைப்பைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர். 'இதற்குப் பேர் பெரிசு, அமைப்பு பூஜ்யம். ஏழாம் குழி வெறும் தோசைக்கல்' என்று முன்பு எழுதியவரே அவர்தான். இப்போது மறுபடி பார்த்துச் சொல்ல வருகிறார். மேனேஜர் தினகரன் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை தோசைக்கல்லுனு சொன்னார்னா முதலாளி இழுத்து மூடிடுவாரு, லோகு." மூடினால் இந்த வயதில் ரயிலேறி மீஞ்சூர் பக்கம் ஏதாவது கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.

"சரிக்கா. எடுக்க வேணாம், மூடியாவது வெக்கலாமா?"

"மூடிக்கோ. அமுக்காதே, ஒடஞ்சிடும்."

ஓடிப்போய்ப் பச்சைத் தார்ப்பாய் கொண்டுவந்து மூடினான். தூரத்திலிருந்து பார்த்தால் புல் மாதிரியே இருந்தது. 'அப்பாடா' என்பதற்குள் கடல் காற்று உள்ளே புகுந்தது. தார்ப்பாய் உப்பி எழுந்து, மெல்ல அமுங்கி, மறுபடி எழுந்தது. ஏதோ பெரிய பிராணி படுத்துத் தூங்குகிற மாதிரி.

"ஓரத்துல யாராவது ஒக்காருங்களேன்!" என்று கெஞ்சினான்.

ஜெயம்மா தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டாள். நாலு மூலையிலும் ஜெயம்மாவோடு சேர்த்து நாலு பெண்கள், சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் புடவையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓரம் நின்றது. நடுப்பாகம் முன்னைவிடப் பெரிதாக உப்பியது. வாசனைக்குக் காக்காய்கள் வந்தன. காக்காயை விரட்ட, அன்றைக்கு எட்டாம் குழியைப் பாடாகப் பெற்றிருந்த மாரியிடம் கேட்டு, அவன் காயப்போட்டிருந்த வெள்ளை வலையைத் தூக்கித் தார்ப்பாய்க்கு மேலே போர்த்தினான் லோகநாதன். இப்போது காக்காய்கள் வலைமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

"நல்லாத்தான் கீது. கல்யாணப் பந்தல் மாதிரி," என்றான் மாரி.

அந்த நேரம் ஜெரோமை ஏற்றி வந்த பூவரசனின் படகு கரையில் முட்டியது.

ஏரிமேல் இன்னும் பனி விலகவில்லை. வெயில் அதற்குள் புகுந்து பால் மாதிரி பரவியிருந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. பூநாரைகள் பறந்துபோகையில் அந்த வெண்மையில் ஒரு ரோஜாக் கோடு தோன்றிக் கரைந்தது. அதிலிருந்து கனவில் வருகிற மாதிரி இறங்கி வந்தார் ஜெரோம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. லோகநாதன் தோளில் உரிமையோடு கையைப் போட்டுக்கொண்டார்.

"வாப்பா, பொறுமையா நடந்தே பாக்கலாம்."

முதல் ஆறு குழிகளிலும் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நின்று நின்று காற்றை இழுத்தார், அலையைக் கேட்டார், ஃபோனை வாயருகே பிடித்து மெதுவாக ஏதோ பேசிப் பதிவு செய்துகொண்டார். ஏழாம் குழி வந்தது. லோகநாதன் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டு, வாயில் விரல் வைத்தான்.

ஜெரோம் நின்றுவிட்டார்.

"தோசைக்கல்லுன்னு எழுதினேனே... இந்த மேடு எப்போ போட்டீங்க?"

"இப்பதான்... சமீபமா சார்."

"மேடு மூச்சு விடற மாதிரியே இருக்குப்பா. மேல பனி படர்ந்து கிடக்கு. நாலு மூலையிலும் கலர் பாறை. யார் யோசனை?"

லோகநாதனுக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் கோபப்படாமல் குத்திக் காட்டுகிறார். இந்த மாதிரி ஆளைத்தான் நம்பவே கூடாது.

"யாரைப் பாறைன்றாரு?" என்று சிவப்புப் பாறை முணுமுணுத்தது.

"ஆஹா! பாறைக்குள்ள காத்து பூந்து சத்தம் வருது," என்றார் ஜெரோம். "ஒரு பந்து குடு."

போச்சு என்று நினைத்துக்கொண்டே கொடுத்தான். அவர் மட்டையால் தட்டினார். பந்து உருண்டு நேராக ஜெயம்மா மடியில் போய் நின்றது. அவள் எரிச்சலோடு எடுத்து அவர் காலடிக்கே விட்டெறிந்தாள்.

லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். மீஞ்சூர் ரயிலின் சத்தமே கேட்டது.

"திருப்பி அனுப்பிடுச்சே!" ஜெரோம் குரல் தழுதழுத்தது. "தப்பா அடிச்சா மேடு ஏத்துக்க மாட்டேங்குது. எத்தனை நாட்டுல பாத்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. இங்கே கடல், இங்கே ஏரி, நடுவுல தூங்கற மலை. வாசனை வேற!"

"வாசனை... அது வந்து சார்..."

"சொல்லாதே. கடற்கரை மைதானம்னா கடல் மணக்கணும். மத்தவன்லாம் மல்லிச் செடி வெச்சுக் கெடுக்கறான்."

அங்கேயே நின்று தினகரனுக்கு ஃபோன் போட்டார். லோகநாதன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். "தோசைக்கல்லுனு எழுதினதை வாபஸ் வாங்கறேன். முதல் இடம் உங்களுக்குத்தான். ஏழாம் குழியில ஒரு புல்லைக்கூட மாத்தக் கூடாது." அந்தப் பக்கம் தினகரன் கத்திய கத்தலில் காக்காய்கள் பறந்தன.

இத்தனை நாள் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம், பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும்தான் அது மலையாகத் தெரியும் என்று லோகநாதனுக்குத் தோன்றியது. அவனும் கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்த்தான். நிஜமாகவே, பனிக்குள் ஒரு பச்சை மலை ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாலு பாறைகளில் ஒன்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

படகுத்துறைக்கு வந்ததும் ஜெரோம் நின்றார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மலையை ஒரு தடவை ஆசை தீரப் பாத்துட்டு வந்துடலாமா, தம்பி?"

"தாராளமா சார்!" என்று லோகநாதன் முன்னால் நடக்கத் திரும்பினான்.

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்த பூவரசன் அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். காதோரம் குனிந்து சொன்னான்:

"அண்ணே, காலைல பூநாரையப் பாக்க எட்டிக் குனிஞ்சப்ப அவரு மூக்குக் கண்ணாடி ஏரில வுழுந்துட்ச்சு. அது இல்லன்னா எதிர்ல நிக்கிறது ஆளா, மரமான்னே தெரியாதாம், யாராண்டயும் சொல்லாதேன்னாரு. சேத்துல காலால தொழாவி இப்பதான் எட்த்தேன்... குடுத்துடவா, வேணாமா?"