எருமைக்குத் தப்பிய கார்

மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டது.

கார் நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் பானட் ஆடியது. கதவு ஆடியது. கதவைப் பிடித்திருந்த திருமூர்த்தியின் கை ஆடியது. கைக்குப் பின்னால் இருந்த தொப்பையும் சேர்ந்து ஆடியது. மங்கலம் ரோட்டில் ஓட்டினால் ஒழுங்காகத்தான் ஓடும். நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறும்.

"ஏனுங்க, அதை ஆஃப் பண்ணுங்க. ஓட்டுல இருந்து மண்ணு கொட்டி ரசத்துல விழுகுது," என்று உள்ளேயிருந்து மனைவி பூவாத்தாள் சத்தம் போட்டாள்.

"ரெண்டே நிமிசம் அம்மிணி. புடிச்சுட்டேன். பிளக்குதான்."

"பிளக்கு நேத்தே மாத்தியாச்சு. முந்தாநேத்து பேட்டரி. அதுக்கு முந்தி போல்ட்டு. மறுபடியும் முதல்ல இருந்துங்களா?"

திருமூர்த்திக்கு நாலு பின்னல் மிஷின் ஓடும் சின்ன பனியன் கம்பெனி. மிஷினில் ஒரு ஊசி உடைந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் போன வருசம், அறுபத்தெட்டில், ஒரு எஸ்டேட் துரை பதினெட்டு வருசம் ஓட்டித் தீர்த்த காரை வாங்கினார். கார் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் யார்தான் கேட்டார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக் கோயில் முன்னால், எஞ்சினை அணைக்காமல் நண்பரிடம் அரை மணி நேரம் பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்த பூவாத்தாளின் தலைப்பூ உதிர்ந்து மடியில் விழுந்தது. அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள். குண்டடத்தில் இருக்கும் அண்ணன் பழனிமுத்துவுக்கு ஆள் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் ஒரு கறவை எருமையோடு வருவான். எருமையை விட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு போவான்.

"அவனுக்கு எதுக்கு இந்தக் காரு?"

"ஓடுனா ஓட்டிக்குவாங்களாம். ஓடலீன்னா கோழி அடைக்கறாங்களாம்."

கோழி! திருமூர்த்திக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் முருகன் படத்துக்கு முன்னால் ஒப்பந்தம் ஆனது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆட்டம் நின்றால் வண்டி அவருடையது. நிற்காவிட்டால் எருமை அவளுடையது.

இன்று வெள்ளிக்கிழமை. மணி ரெண்டரை.

காரணம் தெரியவில்லை, சரி, ஆட்டத்தையாவது அமுக்குவோம் என்று யோசித்தார். கட்டிங் வேஸ்ட் பனியன் துணியை மூட்டையாகக் கட்டி எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் திணித்தார். ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் கருகல் வாசம் வந்தது. பூவாத்தாள் ஓடி வந்து புகைகிற மூட்டையை இழுத்து எறிந்தாள்.

"ஊருக்குப் பனியன் போட்டது பத்தாதுன்னு காருக்கும் பனியன் போட்டு உடறீங்களாக்கும்?"

அவர் மூட்டையைக் காலால் மிதித்து அணைத்தார்.

அவள் உள்ளே போய் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். எஞ்சின் உதறிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து வத்தியை எஞ்சின் பக்கத்தில் காட்டினாள்.

"ஏ புள்ளே! பெட்ரோலு! பூசை பண்ண வேற எடமே கெடைக்கலியா?"

"வாயில பீடியோட நீங்க எட்டிப் பாக்கறப்ப அதுல பெட்ரோல் இல்லீங்களா? சித்தெ சும்மா இருங்க."

புகை நேராக மேலே போனது. அவள் வத்தியை நகர்த்தினாள். அப்போதும் மேலே போனது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் அடிப்பக்கம் வந்ததும் புகை சட்டென்று வளைந்தது. மேலே போகாமல் ஒரு இடுக்குக்குள் சர்ரென்று நுழைந்தது.

"பாத்தீங்களா? இங்க ஓட்டை. திருட்டுக் காத்து உள்ள போகுது. காத்து அதிகமாயி பெட்ரோல் பத்தலீன்னா அது உதறாம என்ன பண்ணும்? அங்க என்ன வெச்சீங்க?"

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். போன மாசம் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தபோது அடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் அட்டை, கேஸ்கெட், கிழிந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். பனியன் துணியை நாலு மடிப்பாக மடித்து, வெட்டி, கிரீஸ் தடவி வைத்து முடுக்கிவிட்டார். ஒரு வாரம் ஜோராக ஓடியது. அப்புறம் பெட்ரோல் பட்டு கிரீஸ் கரைந்திருக்கிறது.

"துணிங்களா?" என்றாள் பூவாத்தாள். "காத்துப் போகட்டும்னுதானுங்க ஊரே பனியன் போடுது! அதைக் கொண்டுபோயி காத்தை அடைக்க வெச்சிருக்கீங்களே!"

எஞ்சினை அணைத்து ஆறவிட்டார்கள். அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். அவள் பனியன் பெட்டி அட்டையை அதன் அடியில் வைத்து அழுத்தி அச்சு எடுத்து, கட்டிங் கத்திரியால் ஒரே வெட்டாக வெட்டினாள். அவர் மாட்டி முடுக்கினார். சாவியைத் திருகும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆடவில்லை.

பானட் மேல் காபி டம்ளரை வைத்துப் பார்த்தார். காபி மேல் படிந்த ஆடைகூடக் கலையவில்லை. மணி மூன்றே முக்கால். திருமூர்த்திக்கு ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த எருமை எழுந்து போன மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது. காபியை எடுத்துக் குடித்து மறைத்தார்.

"அண்ணன் ஆரு சரி பண்ணுனதுன்னு கேட்டா, உங்க தங்கச்சிதான் கண்டுபுடிச்சான்னு சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க," என்றாள் அவள்.

"அட, தாராளமா அம்மிணி!"

நாலு மணிக்கு லாரியில் எருமை வந்தது. கூடவே பழனிமுத்துவும் வந்தான். எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து காதை வைத்துக் கேட்கவேண்டியிருந்தது அவனுக்கு.

"அடேங்கப்பா! ஆரு மாப்பளே சரி பண்ணுனது?"

திருமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். தொண்டையைக் கனைத்தார்.

"வேற ஆரு மச்சான்? நாந்தான். புகையை உட்டுப் பாத்தேன். ஒரே நொடியில கண்டுபுடிச்சுட்டேன்."

பழனிமுத்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"சாமி காப்பாத்துச்சு! தோட்டத்துல தண்ணி எறைக்கற ஆயில் எஞ்சின் பத்து நாளா இப்படியேதான் உதறுது. மூணு மெக்கானிக் கையை விரிச்சுப்போட்டான். கெணத்துல தண்ணி கெடக்குது, வாழை காயுது. எருமை திரும்பி லாரியிலயே வரட்டும். நாம கார்ல போலாம், எடுங்க. சரியாகற வரைக்கும் அங்கயே தங்கிக்கலாம்!"

திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். பூவாத்தாள் டிரங்குப் பெட்டியோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இது உனக்கு முந்தியே தெரியுமா புள்ளே?"

"எஞ்சின் உதறுதுன்னு திங்கக்கெழமையே அண்ணன் கடுதாசி போட்டிருந்தாங்க. அம்மாவைப் பாத்தும் ஒரு வருசம் ஆச்சுங்க. வண்டியை எடுங்க."

ஆயில் எஞ்சினில் பிளக்கே கிடையாது என்பது மட்டும்தான் திருமூர்த்திக்கு அதைப் பற்றித் தெரியும். வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினார். ஒரே ஒரு உண்மையைச் சொல்லச் சொன்னாள். அதை அவர் சொல்லவில்லை.