ஆறரை மணிப் போண்டா

தினமும் காலையில் நான் வாக்கிங் போகிறேன். பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருந்து தமிழழகன் டீக்கடைக்கு முந்நூறு அடி. ஆறரைக்கு அங்கே போண்டா எண்ணெயை விட்டு எழும். ஏழு மணிக்குள் அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் தட்டைத் துடைத்துவிடும். இடைப்பட்ட அரை மணி நேரம்தான் என் வாக்கிங்.

மூன்று மாதம் நடந்தும் நாலு கிலோ ஏறியதில் என் மனைவி ஜெயசுதாவுக்குச் சந்தேகம்.

"உங்கள பவர் யோகால சேத்துவுட்டுட்டேன். நாளைலேருந்து காலைல ஆறு மணி."

"பவரா? அப்படின்னா?"

"குனிஞ்சு, நிமிந்து, தாவி, மறுபடி குனியறது. மூச்சு வுட நேரம் கெடையாது. எதுத்த வூட்டு மணிவண்ணன் மொத நாளே கைத்தாங்கலா வந்தாரு."

எனக்கு அப்போதே மூச்சு வாங்கியது. "மெதுவா செய்யற யோகா ஏதும் இல்லியா?"

"இருக்கு. அதே ஆறு மணிக்குப் பக்கத்து ரூம்ல. படுத்துக்கிட்டே செய்யறது. கெழவிங்களுக்குங்க அது. மானக்கேடு!"

படுத்துக்கொண்டே! கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு நேராகப் போண்டா. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மனமிரங்கினாள்.

"அப்பறம் மாத்தச் சொல்லக் கூடாது. ஒரு மாசம். எந் தலைல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். இவளை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அலாரத்தைக்கூட நானே வைத்தேன்.

மறுநாள் பிரவீணா டீச்சர் ஒரு காலை மடக்கி, மறுகாலைப் பின்னால் நீட்டி, குப்புறப் படுக்கச் சொன்னார். படுத்தேன். சுகம்.

"அப்படியே அஞ்சு நிமிஷம் அசையாம இருங்க சார்."

முதல் நிமிஷத்தில் இடுப்பு எரிந்தது. இரண்டாவதில் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பாயில் கலியம்மாள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் கல் சுமந்தவர். அதே கோலத்தில் சாவகாசமாக என் பக்கம் திரும்பினார்.

"ஏந் தம்பி, அழுவுறியா?"

இப்படிப் பன்னிரண்டு ஆசனம். முடிந்தபோது மணி ஏழேகால். நொண்டிக்கொண்டே டீக்கடைக்கு ஓடினேன். தட்டில் எண்ணெய்க் காகிதம் மட்டும் இருந்தது. பெஞ்சில் மணிவண்ணன், நெற்றி வியர்வையையும் வாயோரத்து எண்ணெயையும் ஒரே துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கம்பங்கூழ் காத்திருந்தது. நன்றாகவே இருந்தது. இடுப்புகூடக் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. சொல்வேனா?

"ஜெயா, படுத்துக்கிட்டே சாவடிக்கிறாங்க. என்னைய பவர்லயே போட்டுரு."

"சத்தியம் பண்ணிருக்கீங்க." கூழில் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பவர் யோகா அரை மணி நேரந்தாங்க. ஆறரைக்கு வுட்டுருவாங்க, போண்டா சூடா இருக்கும்."