பெட்டியில் ஒரு கண்ணாடி குறைகிறது

கருவிப் பெட்டியில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது. பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் கம்பி முனையில் பொருத்திய சின்னக் கண்ணாடி. காணோம்.

டில்லி விமான நிலையத்தில் இஞ்சினியர் ஹரிஷங்கருக்குச் சட்டம் ஒன்றுதான். கருவி ஒன்று குறைந்தால் அது விமானத்துக்குள் விழுந்திருக்கலாம்; கிடைக்கும்வரை விமானம் கிளம்பக் கையெழுத்துக் கிடையாது. நிற்பதோ சென்னை விமானம். அவனுடைய இரண்டு வயதுப் பெண்ணை மாமனார் வேதாந்தம் அதில்தான் அழைத்துப் போகிறார். குழந்தைக்கு அம்மா இல்லை.

சற்றுமுன் வழியனுப்பப் போனபோது சட்டைப்பையில் இருந்ததோ? பயணிகள் கூடத்துக்கு ஓடினான்.

"மாமா, இங்கே கீழே கண்ணாடி ஏதாவது விழுந்துதா?"

தணிக்கைத் துறையில் ஓய்வுபெற்ற வேதாந்தம் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"கீழே ஒண்ணும் விழலையே, மாப்பிள்ளை. அது இல்லேன்னா ப்ளேன் பறக்காதா?"

"பறக்கும். நான் விடமாட்டேன்."

இஞ்சின் மூடியைத் திறந்தார்கள். இல்லை. திறந்த பாவத்துக்கு முழுச் சோதனையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. சக்கரம் மடங்கும் குழிக்குள் நுழைந்த மெக்கானிக் பல்பீர் கிரீஸில் குளித்து வெளியே வந்தான்.

"நஹீ ஹை, சாப்." அங்கேயும் இல்லை.

இருக்கைகளைக் கழற்றினார்கள். சில சீப்புகளும் ஒரு பல்செட்டும் கிடைத்தன. பல்செட்டின் சொந்தக்காரரைத் தேடுவது தனி வேலையாயிற்று.

மேனேஜர் பட்டாபி வந்தார். "ஸ்டோர்லேர்ந்து புதுசா ஒண்ணு எடுத்துப் பள்ளத்துல வைப்பா. ஜல்தி. கூடத்துல ஒரு எம்.பி. நாற்காலி மேல ஏறி நிக்கறார்."

"பெட்டி நிறைஞ்சிடும் சார். உள்ளே விழுந்தது உள்ளேயே இருக்கும்."

"உன் பொண்ணு போறாள்னுதானே பிடிவாதம்?"

"அவ போகலேன்னாலும் இதேதான் சார்."

"நாளைக்கு மெமோ வரும்," என்று சொல்லிவிட்டு, பட்டாபி வேறு விமானம் ஏற்பாடு செய்யப் போனார்.

ஹரிஷங்கர் கூடத்துக்குத் திரும்பி, வேறு விமானம் வருவதையும் மெமோவையும் சொன்னான். வேதாந்தம் எழுந்து நின்றார். மாப்பிள்ளைக்காக அவர் எழுந்ததே கிடையாது. ஜிப்பாப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

ஹரிஷங்கர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொழந்தை உங்க பையிலேர்ந்து உருவினா. நான் வாங்கி வெச்சுண்டேன்," என்றார் வேதாந்தம். "மெமோவுக்குப் பதில் நான் எழுதித் தரேன், அது என் தொழில். ஆனா மாப்பிள்ளை, இவ அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பறச்சே நான் யாரையும் சோதிச்சுப் பாக்கலே; அவ திரும்பி வரலே. இன்னிக்கு உங்களைச் சோதிச்சுப் பாத்துட்டேன், ரொம்ப நன்றி."